விஎம்ல ஸ்க்ரீன் இழுக்குதா? ராமை ஏத்துறதுக்கு முன்னாடி வீடியோ கார்டைப் பாருங்க

கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடுறதுதான் விஎம். அதை லினக்ஸ்ல நடத்துற விர்ட்-மேனேஜர்ல உபுண்டு ஏத்திட்டு ஒரு விண்டோவை நகத்தினா விட்டு விட்டு வருது, உடனே எல்லாரும் ராமைத்தான் கூட்டுறோம். நானும் 8 ஜிபி வரைக்கும் கூட்டிப் பார்த்தேன், ஒண்ணும் மாறல.

உள்ள ஓடுற ஓஎஸ் கண்ணுக்கு உங்க நிஜ கார்டு தெரியவே தெரியாது, விஎம்மை ஓட்டுற கியூஎமு சாஃப்ட்வேர் தான் ஒரு கார்டு மாதிரி நடிக்குது. முன்னாடி சிர்ரஸ் லாஜிக் கார்டா நடிச்சுது, 90கள்ல கடைல நிஜமா வித்த சிப், அதனால எல்லா ஓஎஸ்லயும் அதுக்கு டிரைவர் இருந்துச்சு. ஆனா மெமரி 4 எம்பி தான். 1920க்கு 1080 ஸ்க்ரீன், பிக்சலுக்கு 4 பைட்னு பெருக்கிப் பாருங்க, ஒரு ஃப்ரேமே கிட்டத்தட்ட 8 எம்பி வருது, எங்க அடங்கும்?

சாதா விஜிஏ மாடல் வச்சா மெமரி பத்தும், ஆனா ஒவ்வொரு பிக்சலையும் விஎம்மோட சிபியு தான் வரையணும், எந்தெந்த மெமரி பேஜ் மாறுச்சுன்னு பார்த்து கியூஎமு அதை உங்க விண்டோக்கு காப்பி பண்ணும். 3டி வேலையும் சிபியு தலைலதான்.

விர்டியோங்கற வீடியோ மாடல் அப்படி இல்ல. எந்த நிஜ கார்டு மாதிரியும் நடிக்காது, உள்ள இருக்கற டிரைவருக்கே இது விஎம்னு தெரியும், அதனால ஓபன்ஜிஎல் (3டி வரையச் சொல்ற) கமாண்டை மொத்தமா க்யூல போட்டு வெளிய அனுப்பிடும், வெளிய விர்ஜில்ங்கற சாஃப்ட்வேர் அதை வாங்கி உங்க நிஜ ஜிபியுல ஓட்டும். இந்த ஐடியா எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்ப செய்ய வேண்டியது. விஎம்மை ரீஸ்டார்ட் இல்ல, முழுசா ஷட்டவுன் பண்ணுங்க. விர்ட்-மேனேஜர்ல விஎம் செட்டிங்ஸ் போய், வீடியோல மாடலை விர்டியோன்னு மாத்தி 3டி ஆக்சிலரேஷன் டிக் பண்ணுங்க. அப்புறம் டிஸ்ப்ளே ஸ்பைஸ்ல (விஎம் ஸ்க்ரீனை உங்களுக்குக் காட்டுற வழி) லிசன் டைப்பை நன்-னு வச்சு ஓபன்ஜிஎல் டிக் பண்ணுங்க, இந்த ரெண்டாவதை விட்டுட்டுத்தான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. லிசன் நன்-னு வச்சா வேற மெஷின்ல இருந்து ஸ்பைஸ்ல பார்க்க முடியாது, அதையும் யோசிச்சுக்கோங்க.

விஎம்மை ஆன் பண்ணி, அதுக்குள்ள டெர்மினல்ல எது வரையுதுன்னு காட்டுற ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கமாண்டை ஓட்டுங்க, ரெண்டரர் வரில விர்ஜில்னு வந்தா ஜிபியு வேலை செய்யுது, எல்எல்விஎம்பைப்னு வந்தா இன்னும் சிபியு தான் வரையுது, திரும்பப் போய் ரெண்டு டிக்கையும் பாருங்க.

உள்ள விண்டோஸ் போட்டிருந்தா இந்த வழி வேண்டாம், வீடியோ மாடலை க்யூஎக்ஸ்எல்னு வச்சு, விண்டோஸுக்குள்ள ஸ்பைஸ் கெஸ்ட் டூல்ஸ்ங்கற டிரைவர் தொகுப்பைப் போடுங்க, 3டி கிடைக்காது, ஆனா விண்டோவை இழுத்தா ஸ்க்ரீன் சைஸ் கூடவே மாறும்.