ப்ளஸ் ஒன் அரசியல் அறிவியல் எடுக்கிறவங்களுக்கு ஒரு ஐடியா

சட்டமன்றம்னா என்னன்னு போர்டுல எழுதிப் போட்டா பசங்க கொட்டாவி விடுவாங்க, நம்ம மண்டபம் பாம்பன் பக்கத்துப் புள்ளைங்களுக்குக் கடல் மேட்டரையே குடுத்துப் பாருங்க. 1983 தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையில இருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள்ள விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாதுல்ல, அதைத் திருத்தணுமா வேணாமான்னு கிளாஸையே சட்டமன்றமா மாத்திடுங்க. சபாநாயகர், மீன்வளத்துறை அமைச்சர், எதிர்க்கட்சி, விசைப்படகு தொகுதி, நாட்டுப்படகு தொகுதின்னு சீட்டு குலுக்கிப் போடுங்க. முக்கியமா, அப்பா விசைப்படகு வச்சிருக்கிற பையனுக்கு நாட்டுப்படகு சீட்டு வரணும் (நான் லேசா தில்லுமுல்லு பண்ணுவேன், வெளிய சொல்லிடாதீங்க). போன தடவை அப்படி ஒருத்தன் எந்திரிச்சு “விசைப்படகு எங்க வலைய அறுத்துட்டுப் போனா யாரு காசு குடுப்பா?”ன்னு கேட்டான் பாருங்க, கிளாஸே கப்சிப். ஆளுக்கு 2 நிமிஷம் போதும், ஓட்டெடுப்புக்குக் கை தூக்கச் சொல்லுங்க, சட்டமன்றத்துல ரகசிய ஓட்டு கிடையாதே.