கித்தான் கூடாரம்: புதிதாக வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் புதிதாகக் கித்தான் (கேன்வாஸ்) கூடாரம் போடுகிறவர்கள், தையலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். நெருப்புப் பட்டால் எரியும், முள் பட்டால் கிழியும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஈரத்தோடு மடிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். கித்தான் பருத்தித் துணி. ஈரம் நின்றால் பூஞ்சை அந்த நூலையே தின்றுவிடும். பூம்பாறைத் தம்பி ஒருவர் கார்த்திகை மழை விட்டதும் துணியை நடுவில் தொட்டுப் பார்த்து, "காஞ்சிருச்சுண்ணே" என்று மடித்துப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டிவிட்டார். மாசியில் தைக்கக் கொண்டுவந்தார். சாக்கைப் பிரித்ததும் குப்பென்று வாடை. ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி. கயிறு கட்டும் வளையத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் இழுத்தேன்; நனைந்த அப்பளம் போலப் பிய்ந்து வந்தது. நூல் செத்த துணியில் ஒட்டுப் போட்டாலும் தையல் ஓரத்திலேயே மறுபடி கிழியும். கறையைப் போக்க பிளீச்சிங் பவுடர் போட்டால் மிச்சமிருக்கும் வலுவும் போகும். நல்ல துணி, அநியாயமாகப் போனது.

நடுத்துணி காய்ந்தாலும் ஓரம் காயாது. அங்கே துணி பல மடிப்பு, உள்ளே கயிறு வேறு. ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். நடுத்துணியைவிடச் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் காய்ந்த துணியும் நமுத்துப்போகும், அதற்குள் மடித்துவிடுங்கள். ஈரத்தோடுதான் கிளம்ப வேண்டுமா? சரி, தளர்வாகச் சுருட்டி எடுத்துப் போய், மறுநாளே கொட்டகையில் கொடி கட்டிப் போடுங்கள்.

புதுத் துணியை அப்படியே மழையில் விடுவது

முதல் மழையில் ஊசித் துளை வழியாக ஒழுகும். முன்பே ஒன்றிரண்டு தடவை நன்றாக நனைத்துக் காயவையுங்கள். பருத்தி நூல் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். நைலான் நூல் உப்பாது; அந்தத் தையலுக்கு மெழுகு தேய்க்க வேண்டும்.

சோப்புத் தூள்

வேண்டாம். பச்சைத் தண்ணீரும் பிரஷும் போதும்.

கயிற்றை விறைப்பாகக் கட்டுவது

நனைந்தால் துணியும் பருத்திக் கயிறும் சுருங்கும். ராத்திரி மழையில் ஒன்று தரையில் அடித்த முளை பிடுங்கிக்கொள்ளும், இல்லை வளையம் கிழியும். படுக்கப் போகும் முன் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.