பெக்கின் கோழி வளர்க்கிறீர்களா? முதலில் காலைத் தூக்கிப் பாருங்கள்

பெக்கின் கோழியை ஒரு தரம் பார்த்தால் போதும், வாங்க ஆசை வந்துவிடும். பந்து மாதிரி உருண்டை உடம்பு, முன்பக்கம் குனிந்த நடை, கால் விரல்வரை மூடிய இறகு. பிரிட்டிஷ் அளவுகோல்படி சேவலே 680 கிராம்தான், பெட்டை 570 கிராம். குழந்தை மடியில் வைத்தாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். 1860-இல் சீனாவின் பெக்கிங் கோடை அரண்மனை சூறையாடப்பட்டபோது இந்த இனம் ஐரோப்பாவுக்குப் போனதாகச் சொல்வார்கள். அதே 1860 நவம்பரில்தான் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் எங்கள் ஆட்களைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறக்கியது. அதனாலோ என்னவோ, எனக்கு இந்தக் கோழிமேல் ஒரு சொந்தம்.

டர்பனில் எங்கள் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் இதை வாங்குகிற பலரும், கறிக்கு வாங்கும் ரன்னிங் ஃபவுல் என்கிற நாட்டுக்கோழி போலவே திறந்து விட்டுவிடுகிறார்கள். நாட்டுக்கோழி சேற்றில் நடந்தால் காலை உதறிவிட்டுப் போய்விடும். பெக்கினால் அது முடியாது. கால் இறகில் ஈரமண் ஒட்டி, காய்ந்து, அதன்மேல் மறுபடி ஒட்டி, கல்லாகிவிடும். இங்கே அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழையும் புழுக்கமும் சேர்ந்தே வரும். ஒரு வருஷம் தைப்பூசக் காவடி நேரம், வீட்டில் எல்லோரும் கோயில் வேலையாக இருந்தோம். நான்கு நாள் விடாத மழை. கறுப்புப் பெட்டை ஒன்று நொண்டுகிறதே என்று தூக்கிப் பார்த்தேன். நடுவிரலில் நெல்லிக்காய் அளவுக்கு மண்ணுருண்டை. அவசரப்பட்டு இழுத்தேன், நகமும் சேர்ந்து வந்துவிட்டது. அது போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மண்ணுருண்டையை ஒருபோதும் இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் காலை ஊறவிட்டு, விரலால் மெல்ல உதிர்த்து எடுத்து, நன்றாகத் துடைத்துக் காயவைக்க வேண்டும். கூண்டுக்கு முன்னால் ஒரு தகரக் கூரை போட்டு, கீழே காய்ந்த மணலோ மரச்சீவலோ பரப்பினால் பாதித் தொல்லை போய்விடும்.

இதைவிடப் பெரிய தவறு, அந்த இறகுக்கு அடியில் பார்க்காமலே இருப்பது. கால் செதிலுக்குள் புகுந்து வாழும் நுண்ணிய செள்ளு ஒன்று உண்டு. வெறுங்கால் கோழியென்றால் சீக்கிரம் கண்ணில் படும். பெக்கினில் இறகு மறைத்துவிடும். இறகைப் பிரித்துப் பாருங்கள். நல்ல காலில் செதில்கள் ஓடு வேய்ந்தது போலப் படிந்திருக்கும். செள்ளு புகுந்த காலில் அவை தூக்கிக்கொண்டு, அடியில் சாம்பல் நிறப் பொருக்குத் தெரியும். அதை நகத்தால் பெயர்த்தால் ரத்தம் வரும். எங்கள் பெரியவர்கள் பாரஃபினில், அதாவது மண்ணெண்ணெயில், காலை முக்குவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், தோல் வெந்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, வாஸ்லினைக் கெட்டியாகத் தடவுங்கள். மூச்சு முட்டிச் செள்ளு சாகும். ஒரு தடவையோடு விட்டால் திரும்ப வரும். வாரம் ஒரு முறையாவது, பல வாரங்களுக்கு, எல்லாக் கோழிக்கும் சேர்த்துச் செய்யுங்கள், உட்காரும் கட்டையையும் தேய்த்துக் கழுவுங்கள். முற்றிவிட்டால் கால்நடை மருத்துவர் ஐவர்மெக்டின் கொடுப்பார். எடை பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது, நாமாக அளவு போடக் கூடாது. முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும் காலத்தில் கால் இறகின் குருத்துக்குள் ரத்தம் ஓடும். அப்போது வெட்டக் கூடாது. ரத்தம் தெரிந்தால் மற்றக் கோழிகளும் கொத்த ஆரம்பிக்கும். பெரிய இனக் கோழிகளோடு பெக்கினை ஒரே கூண்டில் விடுவதும் தவறுதான். சாதுவான கோழி, எதிர்க்காது, தீனிக்கு வராமல் மூலையிலேயே நின்று இளைத்துப் போகும்.

சுருள் இறகு பெக்கின் அழகுதான், சரி. ஆனால் சுருளையும் சுருளையும் ஜோடி சேர்க்காதீர்கள். சராசரியாக நான்கில் ஒரு குஞ்சுக்கு இறகு நொறுங்கி உதிர்ந்து, உடம்பு வெறுமையாகிவிடும். ஒன்று சுருள், மற்றது சாதாரண இறகு என்று சேர்ப்பதே நல்லது.

அப்புறம் அடை. தமிழ்நாட்டில் மழைக்கு முகம் காட்டுகிற புரட்டாசி இங்கே வசந்தம். நாம் விரதம் தொடங்கும்போது பெக்கின் பெட்டைகள் அடைக்கு உட்காரும். முட்டை இருக்கிறதோ இல்லையோ உட்கார்ந்துவிடும், எழுந்திருக்கவே மனசு வராது. அப்படியே விட்டால் புழுக்கத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கும். தினமும் ஒரு தடவை தூக்கி வெளியே விட்டு, தின்னவும் குடிக்கவும் மண்குளியல் போடவும் நேரம் கொடுங்கள். கருக்கூடாத முட்டைமேல் வாரக்கணக்கில் உட்காரவிடுவது வீண் கொடுமை. கம்பிவலைத் தரையுள்ள கூண்டில் தீனி, தண்ணீரோடு மூன்று நான்கு நாள் வைத்தால் அடை கலையும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைப் பெரிய பண்ணைக்காரர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிடாதீர்கள், நான்கே கோழி வைத்திருந்தாலும் அந்த நோய் வரும். திடீரென்று கோழிகள் சாக ஆரம்பித்தால் அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

இங்கே சாட்ஸ்வொர்த்தில் சில்வர்க்ளென் காட்டுப் பக்கம் வீடு இருந்தால் கூண்டுக்கு மேலேயும் கம்பிவலை வேண்டும். வெர்வெட் குரங்குகள் கொக்கியைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிடும். எங்கள் கூண்டில் இப்போது இரட்டைத் தாழ்ப்பாள்.