க்ளினிக்கை விடாமலே ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் (பி.ஏ.) மாணவர்களுக்கு ஆசிரியராவது எப்படி

அமெரிக்காவில் டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் ஃபிசிஷியன் அசிஸ்டென்டாக, அதாவது பி.ஏ.வாக, சில வருடம் ஓடிய பிறகு "பேசாமல் வாத்தியார் வேலைக்குப் போய்விடலாமா" என்று பலருக்கும் தோன்றும். தாராளமாகப் போகலாம். ஆனால் எடுத்த எடுப்பில் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடாதீர்கள். முதலில் உங்கள் க்ளினிக்குக்கு ஒரு மாணவரை வரவழையுங்கள்.

அது ஒன்றும் கஷ்டமில்லை. பி.ஏ. படிப்பு பெரும்பாலும் இரண்டேகால் வருடம். அதில் ஏறக்குறைய ஒரு வருடம் வகுப்பில் கழியும், மீதி மருத்துவமனைகளில்: ஃபேமிலி மெடிசின், எமர்ஜென்சி, சர்ஜரி, குழந்தைகள், மகளிர் நலம், மனநலம் என்று ஒவ்வொன்றிலும் சில வாரம். இந்த ரொட்டேஷன்களுக்கு இடம் பிடிக்கவே கல்லூரியில் க்ளினிக்கல் கோஆர்டினேட்டர் என்று ஒருவர் இருப்பார், அவருக்கு எப்போதும் இடம் பற்றாது. இரண்டு வரி ஈமெயில் போதும். கூப்பிட்டுவிடுவார்.

இழுப்பது ஒப்பந்தம்தான். கல்லூரிக்கும் உங்கள் நிர்வாகத்துக்கும் இடையே கையெழுத்தாக வேண்டும், வக்கீல்கள் மேசையில் அது மாதக்கணக்கில் தூங்கும். முன்கூட்டியே ஆரம்பியுங்கள், மாணவருக்கான இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு என்பதையும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், பல இடங்களில் சுத்தமாகவே கிடையாது. ஜார்ஜியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் வரிச்சலுகை தருகின்றன.

சரி, மாணவர் வந்துவிட்டார், வெளியே ஏழு நோயாளிகள் காத்திருக்கிறார்கள், எப்போது சொல்லிக்கொடுப்பது? 1992இல் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் சிலர் எழுதிய 'ஒன் மினிட் ப்ரிசெப்டர்' (ப்ரிசெப்டர் என்றால் க்ளினிக்கில் வைத்துச் சொல்லிக்கொடுப்பவர்) முறையை நான் பலமாகச் சிபாரிசு செய்வேன். மாணவர் அறையிலிருந்து வந்து, "அறுபது வயது அம்மா, இரண்டு காலும் வீக்கம், ஹார்ட் ஃபெயிலியராக இருக்கலாம்" என்கிறார் என்று வையுங்கள். உங்களுக்கு விடை தெரியும், நாக்கு துறுதுறுக்கும். அடக்குங்கள். "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். படுத்தால் மூச்சு வாங்குகிறதா, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா, நுரையீரலில் சத்தம் கேட்டதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று அவரே சொல்லிக்கொண்டு வரும்போது குரலில் சுருதி இறங்கும். அப்புறம் மாத்திரைப் பட்டியலைப் பார்க்கச் சொன்னால், காலை வீங்க வைக்கக்கூடிய ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினைப் போன மாதம்தான் 10 மில்லிகிராமாக ஏற்றியிருப்பது கண்ணில் படும். இப்போது நீங்கள் ஒரே ஒரு விதி சொன்னால் போதும்: புதிதாகக் கால் வீங்கினால் மருந்துப் பட்டியலையும் கையோடு பார். கழுத்து நரம்பைப் பார்த்திருந்தால் அதைப் பாராட்டுங்கள், மருந்தைக் கேட்காமல் விட்டதைச் சுட்டிக்காட்டுங்கள், அடுத்த அறைக்குப் போங்கள்.

மாணவர் எழுதிய குறிப்பைத் திரும்ப முழுதாக எழுத வேண்டுமா என்று பலருக்குக் குழப்பம். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2020 முதல், பாடம் நடத்தும் பி.ஏ.க்கள் மாணவர் குறிப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போதும் என்கிறது. நோயாளியை நீங்களே பரிசோதித்து நீங்களே முடிவெடுப்பதில் மட்டும் விலக்கில்லை. உங்கள் மருத்துவமனை இதைவிடக் கறாராக இருக்கலாம், பில்லிங் ஆட்களிடம் கேட்டுவிடுங்கள்.

மாணவர் தடுமாறுகிறார் என்றால் கடைசி வாரம் வரை பொறுத்துப் பார்க்காதீர்கள். தேதி போட்டு, என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள், இரண்டாம் வாரமே கோஆர்டினேட்டரைக் கூப்பிடுங்கள். "நல்ல பிள்ளை, ஆனால்" என்று இழுக்கும் மதிப்பீட்டுப் படிவத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

இப்படிச் சில பேரைப் பார்த்த பிறகு கல்லூரியே உங்களை உள்ளே இழுக்கும். ஒரு மணி நேர வகுப்பு, நடித்துக்காட்டும் நோயாளிகளை வைத்து நடத்தும் தேர்வுக்கு மதிப்பெண் போடுவது, கேள்வித்தாள் எழுதுவது என்று சின்னச் சின்னதாக வரும். எதையும் தட்டாதீர்கள், குறிப்பாகக் கேள்வி எழுதுவதை. லைசென்ஸுக்கான பேன்ஸ் தேர்வில் 300 கேள்விகள், பெரும்பாலும் ஒரு நோயாளியின் கதையாக வருபவை. அது கைவந்த ஆளைக் கல்லூரி லேசில் விடாது. வகுப்பு எடுத்தால் ஒரு மணிக்கு மூன்று விஷயம் போதும், ஸ்லைடு மலையைக் குவித்தால் முன்வரிசையே தூங்கிவிடும்.

முழுநேரப் பேராசிரியர் வேலைக்கு மாஸ்டர்ஸ் பெரும்பாலும் போதும், பதவி உயர்வுக்கு டாக்டரேட் கேட்கும் இடங்கள் கூடிவருகின்றன. சம்பளம் பல இடங்களில் க்ளினிக்கைவிடக் குறைவு. அதனால்தான் வாரம் ஒரு நாள் நோயாளி பார்க்கும் நாளைப் பேரம்பேசி வாங்கச் சொல்கிறேன். வருமானத்துக்கும் ஆகும், கையும் துருப்பிடிக்காது. 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் இந்தப் படிப்பைத் தொடங்கியபோது சேர்ந்த நான்கு பேரும் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்கள். கைவேலை தெரிந்தவர்களை வைத்தே ஆரம்பித்த தொழில் இது. நோயாளி பார்க்கும் அந்த ஒரு நாள் என்பது வேலை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா, தேர்வு வாரத்தில் அதைப் பிடுங்கிக்கொள்வார்களா, சம்பளம் 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா, இந்த மூன்றையும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.