முதல் மலையேற்றம்: ஏறவும் இறங்கவும் உடம்பைத் தயார் செய்வது எப்படி?

பிரபலமான மலை என்றால் நல்ல பாதை இருக்கும், வழிகாட்டிப் பலகைகள் இருக்கும், முன்னும் பின்னும் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுபவரைக்கூடப் பார்க்கலாம். அதையெல்லாம் பார்த்து, "இவ்வளவு பேர் போகிறார்களே, நம்மால் முடியாதா?" என்று அப்படியே கிளம்பிவிடுகிறவர்கள்தான் பாதி வழியில் மூச்சு வாங்கப் பாறைமேல் உட்கார்ந்துவிடுகிறார்கள். உங்களால் முடியும். ஆனால் ஆறு முதல் எட்டு வாரம் உடம்பைப் பழக்கிவிட்டுப் போங்கள்.

புதிதாக ஏறுபவர்கள் உச்சியைப் பற்றியே யோசிக்கிறார்கள். உச்சிக்குப் போய்ச் சேரும்போது அன்றைய வேலையில் பாதிதான் முடிந்திருக்கும். மீதிப் பாதியை, களைத்துப்போன கால்களோடு இறங்கித்தான் முடிக்க வேண்டும். அதனால் இந்தப் பதிவில் இறக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: ஏற வேண்டிய உயரத்தைக் கணக்குப் போடுங்கள்

ஒரு மலை எத்தனை மீட்டர் என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜப்பானின் ஃபுஜி மலை 3776 மீட்டர். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் 1345 மீட்டர்தான். ஆனால் ஃபுஜியில் பெரும்பாலானவர்கள் நடக்கத் தொடங்குவது சுமார் 2300 மீட்டரில். பென் நெவிஸில் கிட்டத்தட்டக் கடல்மட்டத்திலிருந்தே ஏற வேண்டும். கால்கள் ஏறும் உயரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபுஜியில் காற்று மெலிந்திருப்பது தனிக் கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

நேரத்தைக் கணிக்க ஒரு பழைய கணக்கு உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்னது, இன்றும் பயன்படுகிறது. கிலோமீட்டர் கணக்கில் சொன்னால், 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம்.

உதாரணமாக, பாதை 6 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 72 நிமிடம், ஏற்றத்துக்கு 90 நிமிடம், ஆக 2 மணி 42 நிமிடம். இது பழகிய ஆளின் வேகம், ஓய்வு நேரமும் இதில் சேராது. முதல்முறை போகிறவர்கள் இதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்: ஏற 4 மணி நேரம், இறங்க 3 மணி நேரம், உட்கார, சாப்பிட ஒரு மணி நேரம். மொத்தம் 8 மணி நேரம். கிளம்பும் நேரத்தை இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

படி 2: டாக்டரிடம் ஒரு வார்த்தை

இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா இருந்தாலோ, பல வருடமாக உடற்பயிற்சியே இல்லாமல் நடுத்தர வயதைத் தாண்டியிருந்தாலோ, பயிற்சியைத் தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு அடைக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் இதைக் கட்டாயம் தள்ளிப்போடக் கூடாது.

படி 3: படிக்கட்டில் பழகுங்கள், இறங்கவும் பழகுங்கள்

சமதளத்தில் தினமும் நடப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. மலை கேட்பது உடம்பை மேலே தூக்குகிற வேலையை. அதற்குப் படிக்கட்டைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஒரு மாடி சுமார் 3 மீட்டர் உயரம். ஆக 900 மீட்டர் மலை என்பது 300 மாடி.

முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் 10 முதல் 15 மாடி ஏறி இறங்குங்கள். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். அப்புறம் வாரத்துக்கு வாரம் ஐந்தைந்து மாடியாகக் கூட்டிக்கொண்டு போகலாம். நான்காவது வாரத்திலிருந்து முதுகில் பையை மாட்டிக்கொள்ளுங்கள். முதலில் 3 கிலோ, பிறகு மலைக்கு எடுத்துப்போகும் எடை. வார இறுதியில் ஒருநாள் மேடு பள்ளமான இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். கடைசி வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். கால்கள் ஓய்வெடுத்துக் கிளம்பட்டும்.

பல கட்டடங்களில் ஏறிவிட்டு லிஃப்ட்டில் இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன். மலைக்குத் தயாராகிறவர் அப்படிச் செய்யக் கூடாது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கி பிரேக் போடுகிறது. இந்த நீளும் வேலையில்தான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன; மறுநாள் வரும் வலிக்கு முக்கியக் காரணம் அதுதான். ஒரு நல்ல விஷயம், சில வாரங்களுக்கு முன்பே சிறிய அளவில் இந்த வேலையைக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை தசை வெகுவாகக் குறைந்த பாதிப்போடு தப்பிக்கும்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. கீழ்ப்படியில் பக்கவாட்டாக நில்லுங்கள். ஒரு காலைப் படியில் ஊன்றி, மறு காலைக் காற்றில் தொங்கவிடுங்கள். ஊன்றிய காலின் முட்டியை மெதுவாக மடக்கி, மனதுக்குள் நான்கு எண்ணும் நேரத்தில் தொங்கும் காலின் குதிகால் தரையைத் தொடட்டும். எடையைத் தரையில் போடாமல் மறுபடி எழும்புங்கள். முட்டி உள்பக்கம் சாயாமல் பாதத்தின் நேருக்கே இருக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்து முறை, இரண்டு சுற்று. பார்க்கச் சாதாரணமாகத் தெரியும், ஏழாவது முறை தொடை நடுங்கும்போது ஏன் செய்யச் சொன்னேன் என்று புரியும்.

படி 4: ஷூவும் பையும்

ஷூவை மாலையில் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்த பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். வழக்கமான அளவைவிட அரை அளவு பெரியது நல்லது, இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் இடிக்காது. புது ஷூவோடு மலைக்குப் போகவே போகாதீர்கள். பயிற்சி முழுவதும் அதையே போட்டுப் பழகுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகங்களை வெட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், காற்று வேறு அடிக்கும். பருத்திச் சட்டை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உச்சியில் நின்றதும் உடம்பு சில்லிட்டுவிடும். சீக்கிரம் உலரும் சட்டை, காற்றைத் தடுக்கும் மேல்சட்டை, நெற்றி விளக்கு, முதலுதவிப் பொருட்கள் போதும்.

படி 5: சாப்பாடும் தண்ணீரும்

உங்கள் எடை 70 கிலோ, பை 8 கிலோ என்றால், அதை 900 மீட்டர் தூக்கும் வேலை மட்டும் சுமார் 165 கிலோகலோரி. ஆனால் தசை செலவழிக்கும் சக்தியில் 20 முதல் 25 சதவீதம்தான் வேலையாக மாறும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஆகவே உடம்புக்கு உண்மையான செலவு 650 முதல் 820 கிலோகலோரி வரை. குளிரிலும் வியர்த்துக் கொட்டுவது அதனால்தான்.

உடம்பில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து கடினமான ஏற்றத்தில் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். பசி வரும்வரை காத்திருக்காமல், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து கிடைக்கும்படி சிறிது சிறிதாகச் சாப்பிட்டுக்கொண்டே போங்கள். உலர்பழம், ரொட்டி என்று வயிற்றுக்குப் பழகியது எதுவானாலும் சரி. தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் அளவில் போதும், வெயில் என்றால் கூடுதலாக. தாகத்துக்கு மீறிக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். உப்புள்ள தின்பண்டம் கொஞ்சம் பையில் இருக்கட்டும்.

படி 6: முதல் அரை மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக

ஒரே ஒரு அறிவுரைதான் கொடுக்கலாம் என்றால் நான் இதைத்தான் கொடுப்பேன். தொடக்கத்தில் கால்கள் புதிது, உற்சாகம் அதிகம், கூட்டம் வேறு பின்னாலிருந்து தள்ளுவதுபோல் இருக்கும். இதயமும் நுரையீரலும் அந்த வேகத்துக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் வேகமெடுத்தால் தசைகள் ஆக்சிஜன் போதாமல் வேலை செய்து சேமிப்பை வீணடிக்கும். அந்த இழப்பு மூன்று மணி நேரம் கழித்துத்தான் தெரியும். மற்றவர்கள் தாண்டிப் போகட்டும், விடுங்கள்.

செங்குத்தான இடத்தில் அடியைச் சிறிதாக்குங்கள். உயரமான ஒரு படியைவிடத் தாழ்வான இரண்டு படிகள் தொடைக்கு எளிது. மூச்சையும் அடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு அடிக்கு உள்மூச்சு, இரண்டு அடிக்கு வெளிமூச்சு. இன்னும் செங்குத்தானால் அடிக்கு ஒரு மூச்சு.

களைப்பு கூடும்போது மலையேறிகள் ஓய்வு நடை என்ற முறையைப் பயன்படுத்துவார்கள். முன்காலை மேலே வையுங்கள், ஆனால் எடையை அதில் போடாதீர்கள். பின்காலின் முட்டியை நேராக நிமிர்த்தி, உடம்பு முழுவதும் அந்தக் காலின் எலும்புமேல் நிற்கட்டும். முன்தொடை தளர்ந்திருக்கும். ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு எடையை முன்காலுக்கு மாற்றி எழும்புங்கள். ஒவ்வொரு அடியிலும் ஒரு தசைக்கு ஒரு நொடி ஓய்வு கிடைக்கும்.

மணிக்கு ஐந்து நிமிடம் நின்றால் போதும். இருபது நிமிடம் உட்கார்ந்தால் தசை குளிர்ந்து, மறுபடி எழுந்திருப்பதே பெரும்பாடு.

படி 7: திரும்பும் நேரத்தைக் கீழேயே முடிவு செய்யுங்கள்

"மதியம் 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம்" என்பதுபோல ஒரு நேரத்தை அடிவாரத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எடுக்கும் முடிவு நிதானமாக இருக்காது.

2500 மீட்டருக்கு மேல் போகிற மலை என்றால் உயரமும் கணக்கில் வரும். தலைவலி, குமட்டல், அசாதாரணக் களைப்பு வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறல் வந்தால் உடனே கீழே இறங்குவதுதான் முக்கியமான சிகிச்சை. 3000 மீட்டருக்கு மேல் பல நாள் பயணமானால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். 5500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதிதான். எவ்வளவு பயிற்சி எடுத்திருந்தாலும் இதற்கு உடம்பு பழக நாள் வேண்டும்.

படி 8: இறக்கம்

மலையில் சறுக்கி விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். தொடை ஓய்ந்திருக்கும், கவனம் வீட்டுக்குப் போயிருக்கும்.

இறங்கத் தொடங்கும் முன் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். குதிகாலைப் பின்பக்கம் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு, கணுக்காலுக்கு அருகே இறுக்கமாகக் கட்ட வேண்டும்; பாதம் முன்னால் வழுக்காது. பாதத்தில் எங்காவது சூடாக உரசுவதுபோல் இருந்தால் அப்போதே டேப் ஒட்டுங்கள், கொப்புளம் வந்தபின் ஒட்டுவதில் பெரிய பலனில்லை.

முட்டியை விறைப்பாக நீட்டி இறங்கினால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் மூட்டில் போய் இடிக்கும். லேசாக மடக்கியே வையுங்கள், அடி சிறிதாக இருக்கட்டும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் கால் வழுக்கும். உடம்பின் எடை பாதத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தளர்ந்த சரளை இருந்தால் பாதத்தை முழுதாகப் பதியுங்கள். மலையேற்றக் கம்புகள் இரண்டு இருந்தால் முட்டிக்கு வரும் சுமையில் ஒரு பங்கைக் கைகள் வாங்கிக்கொள்ளும். சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் இருக்கும் நீளம் சரி, இறக்கத்துக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள்.

கால் நடுங்க ஆரம்பித்தால் நின்றுவிடுங்கள். கொஞ்சம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, நடுக்கம் அடங்கியதும் இறங்கலாம்.

படி 9: அடுத்த மூன்று நாள்

வலி மறுநாள் தொடங்கி, இரண்டாம் நாளில் உச்சத்துக்கு வரும். படுத்தே இருக்காமல் சமதளத்தில் மெதுவாக நடங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். சிறுநீர் கறுத்த பழுப்பு நிறத்தில் போனாலோ, ஒரு மூட்டு மட்டும் வீங்கி எடை தாங்காமல் போனாலோ டாக்டரிடம் உடனே போக வேண்டும். மற்றபடி, மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் வலியின்றி இறங்க முடிகிற நாளில் அடுத்த மலைக்கான பயிற்சியைத் தொடங்கலாம்.