சமையல் புத்தகக் குழு ஆரம்பிக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

புதிதாகச் சமையல் புத்தகக் குழு ஆரம்பித்த சிலர், ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்களேன் என்று சமீபமாக என்னைக் கூப்பிட்டார்கள். போனேன், வயிறாரச் சாப்பிட்டேன். திரும்பும்போது கொஞ்சம் எரிச்சலும் கூடவே வந்தது. நாங்கள் குழு ஆரம்பித்த புதிதில் எங்கெல்லாம் வழுக்கினோமோ, அதே இடங்களில் இவர்களும் வரிசையாக வழுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கேள்விப்படாதவர்களுக்காக: எல்லாரும் சேர்ந்து ஒரு சமையல் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது, ஆளுக்கொன்றாக அதிலிருந்து சமைத்து எடுத்து வருவது, சாப்பிட்டுக்கொண்டே அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது. குழு என்றால் இவ்வளவுதான். தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள், தட்டும் கரண்டியும் போதுமா என்று எண்ணிப் பாருங்கள் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. யாரும் சொல்லாமலே முதல் கூட்டத்தில் கற்றுக்கொண்டுவிடுவீர்கள்.

ஆள் சேர்க்கும் ஆசை

ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். அதற்கு மேல் போனால் அது விருந்து. விருந்தில் புத்தகத்தை யாரும் திறக்க மாட்டார்கள்.

படத்தைப் பார்த்துப் புத்தகம் எடுப்பது

பளபளவென்று படம் போட்ட புத்தகத்தைக் கண்டதும் எல்லாரும் கை தூக்கிவிடுகிறார்கள். படம் எடுத்தவர் கெட்டிக்காரர் என்பதற்கு அது சாட்சி, செய்முறையைச் சமைத்துப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை.

கடையிலோ நூலகத்திலோ நின்றுகொண்டே சோதித்துவிடலாம். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். பொருட்கள், பயன்படும் வரிசையிலேயே பட்டியலில் இருக்கின்றனவா? கப் கணக்கோடு கிராம் கணக்கும் இருக்கிறதா? நேரத்தோடு அடையாளமும் சொல்லியிருக்கிறார்களா? "30 நிமிடம் வேகவிடவும்" என்று மட்டும் இருந்தால் அது பாதிச் செய்திதான். உங்கள் பாத்திரத்தின் கனமும் அடுப்பின் தீயும் எழுதியவருக்குத் தெரியாது. "30 நிமிடம், அல்லது ஓரம் விலகி, நடுவில் குத்திய குச்சியில் மாவு ஒட்டாமல் வரும் வரை" என்று எழுதியிருந்தால், அவர் அடுப்பு முன்னால் நின்றவர் என்று நம்பலாம்.

இன்னொன்று, ஒவ்வொரு செய்முறைக்கும் மேலே ஆசிரியர் நாலு வரியாவது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஏன் இப்படிச் செய்கிறேன், எங்கே கற்றேன், எதில் கவனம் வேண்டும் என்பது போல. வெறும் பட்டியலும் கட்டளையும் மட்டும் உள்ள புத்தகத்திலும் நன்றாகச் சமைக்கலாம், ஆனால் அதைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேச முடியாது.

அப்புறம், முதல் பதிப்பில் அச்சுப்பிழை இருக்கும். தேக்கரண்டி மேசைக்கரண்டியாகிவிடும், ஒரு பொருள் பட்டியலில் இருந்து செய்முறையில் காணாமல் போகும். பதிப்பகம் திருத்தம் வெளியிட்டிருக்கிறதா என்று ஒருவர் தேடிப் பார்த்துவிடட்டும்.

மாற்றிச் சமைத்துவிட்டுப் புத்தகத்தைத் திட்டுவது

எத்தனை வருடம் ஆனாலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது.

நான் போன ஒரு குழுவில் எலுமிச்சை கேக் ஒன்று மேசைக்கு வந்தது. வெளிறிப்போய், விள்ளும்போதே உதிர்ந்தது. கொண்டுவந்தவர், "இந்தப் புத்தகம் சரியில்லைங்க, சொன்னபடிதான் செய்தேன்" என்றார். பக்கத்தில் இருந்தவரும் "எனக்கும் அப்பவே தோணுச்சு" என்று ஒத்து ஊதினார். நான் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை எடுத்தேன். சர்க்கரை 200 கிராம் என்று இருந்தது. "இனிப்பு ஜாஸ்தி ஆகாதே, அதனால் பாதிதான் போட்டேன்." வெண்ணெய்? "எண்ணெய் ஊற்றினேன், அதுதானே உடம்புக்கு நல்லது." மூன்று முட்டை? "பெரிய முட்டையாக இருந்தது, இரண்டு போதும்னு விட்டுட்டேன்." மாவு மட்டும்தான் புத்தகத்தில் இருந்தபடி. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் புத்தகத்துக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அடுத்த அரை மணி நேரம் அவரவர் வீட்டில் கேக்கை எப்படி மாற்றிச் செய்வார்கள் என்பதே பேச்சு.

கேக்கில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. அது ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, மாவில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகாமல் தடுத்து மிருதுவாக்குகிறது, மேற்புறம் சிவக்கவும் வேண்டியிருக்கிறது. வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது அந்தப் பரல்கள்தான் காற்றை உள்ளே கொண்டுபோகின்றன. எண்ணெயில் அந்த வேலை நடக்காது. எண்ணெய்க்கென்று எழுதிய கேக் அருமையாக வரும், ஆனால் அது வேறு செய்முறை. முட்டையையும் குறைத்துவிட்டால் கட்டிப்பிடிக்க ஆள் ஏது? அந்த கேக் உதிராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இது வேண்டுமென்றே மாற்றுகிற ரகம். தெரியாமலே மாற்றுகிற ரகமும் உண்டு, அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். ஒரு கப் என்பது அமெரிக்கப் புத்தகத்தில் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியப் புத்தகத்தில் 250, ஜப்பானியப் புத்தகத்தில் 200. மேசைக்கரண்டி பொதுவாக 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. அதே கப்பில் மாவை அள்ளி அமுக்கினால் ஒரு எடை, கரண்டியால் தூவி வழித்துவிட்டால் ஒரு எடை. 20, 30 கிராம் வித்தியாசம் சாதாரணமாக வரும். உப்போ இன்னும் மோசம். செதில் செதிலான உப்பைச் சொல்லும் புத்தகத்தில் அதே கரண்டிக்குத் தூள் உப்பைப் போட்டால், உப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். "இந்த ஆசிரியருக்கு உப்புக் கை" என்று ஒரு கூட்டமே சேர்ந்து முடிவு கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் என்ன உப்பு என்று முன்னுரையிலேயே தெளிவாக எழுதியிருந்தார். முன்னுரையை ஒருவரும் படிக்கவில்லை. ஓவனிலும் இதே கதைதான். விசிறி ஓடும் ஓவன் என்றால், சாதாரண ஓவனுக்குச் சொன்ன சூட்டில் சுமார் 20 டிகிரி செல்சியஸ் குறைக்க வேண்டும். குறைக்காமல் வைத்து, மேலே கருகிவிட்டது என்று எழுதியவரைக் குறை சொன்னால் எப்படி?

நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள்தான் இதில் மோசம். கண்ணளவும் கைப்பக்குவமும் வந்துவிட்டவர்களுக்கு அளவுக் கரண்டியை எடுக்கவே கை வராது. அவர்கள் கொண்டுவருவது ருசியாகவும் இருக்கும், அதுதான் சிக்கல். எல்லாரும் பாராட்டுவார்கள், அவரும் "நான் இதில் இஞ்சி சேர்த்தேன், தக்காளியை எடுத்துட்டேன்" என்பார். புத்தகம் என்ன சொல்லியிருந்தது, அது சரியா தப்பா என்பது யாருக்கும் தெரியாமலே தட்டு காலியாகிவிடும்.

எங்கள் குழுவிலும் ஒரு காலத்தில் இதுதான் நடந்தது. ரொட்டிப் புத்தகம் ஒன்றைச் சொந்தக் காசு போட்டு ஆளுக்கொன்று வாங்கியிருந்தோம். மாவு ஊறும் நேரத்தை ஆளாளுக்குச் சுருக்கினார்கள். ஈஸ்ட்டைக் கூட்டினால் சீக்கிரம் பொங்கிவிடும் என்று ஒரு யோசனை வேறு. பொங்கியது உண்மை, ஆனால் மெதுவாகப் புளிக்கும்போது வருகிற மணம் வரவில்லை. புத்தகம் மட்டம் என்று அலமாரிக்குப் போனது. நேரத்தை வைத்து, எடை போட்டு, எழுதியபடியே செய்துவந்த இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுடைய ரொட்டி நன்றாகவே இருந்தது, ஆனால் அவர்கள் சொன்னது சத்தத்தில் எடுபடவில்லை. அப்புறம் அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். புத்தகத்துக்காக வந்தவர்கள் என்று பார்த்தால் அந்த இரண்டு பேர்தான்.

அதனால் இப்போது ஒரே ஒரு சட்டம்: முதல் தடவை அச்சில் உள்ளபடி. அலர்ஜி, சைவம், மருத்துவர் வேண்டாம் என்றது என்று காரணம் இருந்தால் மாற்றாதீர்கள், வேறு பக்கத்தைத் திருப்புங்கள். ஒரு பொருள் கிடைக்கவில்லை என்றாலும் அப்படியே. புத்தகத்தில் நூறு செய்முறை இருக்கும்போது, பாதி பொருள் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கடைசி நேரத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றுங்கள், சீட்டில் எழுதுங்கள்.

அந்தச் சீட்டு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் இருக்க வேண்டும். உள்ளங்கை அகலம் போதும். பெயர், பக்க எண், என்ன மாற்றினேன், புத்தகம் சொன்ன நேரம், எனக்கு ஆன நேரம், உள்ளே இருக்கிற கடலை, எள், பால், முட்டை, கோதுமை போன்றவை. இதை வைத்த பிறகுதான் எங்கள் பேச்சே மாறியது. ஒரு புத்தகத்தில் வெங்காயம் நன்றாகச் சிவக்க 10 நிமிடம் என்று போட்டிருந்தது. வெவ்வேறு பதார்த்தம் செய்த மூன்று பேரின் சீட்டிலும் 40 நிமிடத்துக்குக் குறையாமல் இருந்தது. மிதமான தீயில் வெங்காயம் அப்படிச் சிவக்க அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும், 10 நிமிடத்தில் வாடும், அவ்வளவுதான். அன்றைக்கு அந்த ஆசிரியரைத் தாராளமாகத் திட்டினோம். திட்டுவதற்கு எங்கள் கையில் ஆதாரம் இருந்தது.

இரண்டாவது தடவை உங்கள் இஷ்டம். இஞ்சியைப் போடுங்கள், தக்காளியை எடுங்கள்.

அளவைப் பெருக்குவது

பத்துப் பேர் வருகிறார்களே என்று நாலு பேருக்கான செய்முறையை மூன்று மடங்காக்காதீர்கள். எட்டுப் பதார்த்தம் இருக்கும் மேசையில் ஆளுக்கு இரண்டு கரண்டிதான் இறங்கும். போதாததற்கு, அளவு மாறினால் பாத்திரம் மாறும், தண்ணீர் சுண்டும் வேகம் மாறும், வேகும் நேரமும் மாறும். சோதிக்க வேண்டிய செய்முறை கையை விட்டுப் போய்விடும்.

எல்லாரும் இனிப்பையே எடுப்பது

அத்தியாயங்களை ஒரு தாளில் எழுதிப் பெயர் போடச் சொல்லுங்கள். முடிந்தது.

ஒரு ஓவன், ஐந்து பேர்

"வந்து ஒரு பத்து நிமிஷம் சூடு பண்ணிக்கிறேன்." இதை ஒருவர் சொன்னால் பரவாயில்லை. ஐந்து பேரும் அதே எண்ணத்தோடு, ஐந்து விதமான சூட்டுக்கு வந்து நிற்பார்கள். வீட்டுக்காரர் கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்: ஓவன் இன்னாருக்கு, அடுப்பு இன்ன இரண்டு பேருக்கு. மற்றவர்கள் ஆறினாலும் ருசிக்கிற செய்முறையாகப் பார்த்து எடுங்கள். வீட்டுக்காரர் தானும் பெரிதாக எதையாவது சமைக்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். அன்றைக்கு அவர் வேலை சாலட்டோடு முடியட்டும்.

பேச்சு சுவாரஸ்யத்தில் உணவை மறப்பது

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அந்தச் சூட்டில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த நேரமும் இதில் சேரும் என்பதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் வேகவைத்தாலும் சாகாமல் இருக்கும். சோறு வெளியிலேயே கிடந்தால் அவை பெருகி விஷத்தைச் சுரக்கும். வாந்தியைக் கிளப்பும் அந்த விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது. எனவே பேசுவதற்கு முன் ஒருவரை நியமியுங்கள், அவர் கடிகாரத்தைப் பார்த்து மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கட்டும்.

அலர்ஜி பற்றி முன்கூட்டியே எல்லாரையும் கேளுங்கள். சீட்டு இருக்கிறது என்பதற்காகக் கேட்காமல் விடக் கூடாது. ஒரே கரண்டி இரண்டு பாத்திரத்தில் போய்விட்டால் சீட்டால் பயனில்லை.

சாப்பிட்டு முடித்துப் பேசலாம் என்பது

கொட்டாவிதான் வரும். முதல் தட்டோடே ஆரம்பித்துவிடுங்கள், ஒவ்வொரு பதார்த்தமும் பரிமாறும்போது செய்தவர் பேசட்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்று பதில் வந்து பேச்சு படுத்துவிடும். எந்த வரியில் குழம்பினீர்கள், எதைத் திரும்பப் படித்தீர்கள், புத்தகம் இல்லாமல் இதை இன்னொரு முறை செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

புத்தகத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது

கூடாது. காசில்லை என்றால் நூலகத்தில் எடுங்கள், இரண்டு பேர் ஒரு பிரதியைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

பாத்திரம்

பெயரை ஒட்டுங்கள். மூடியிலும்.