பைப் டம்டம்னு அடிக்குதா? செவுத்த உடைக்கிறதுக்கு முன்னாடி இத பாருங்க

பிளம்பர் வந்த உடனே செவுத்த உடைக்கணும்னுதாங்க சொல்வாரு, அதுக்கு முன்னாடி சத்தம் எப்ப வருதுன்னு நீங்களே ஒருநாள் கவனிங்க. டேப்ப மூடுறப்பவா, மோட்டர் நிக்கிறப்பவா, இல்ல கார்ப்பரேஷன் தண்ணி வர்றப்பவா? ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. நம்ம சேலத்துல அம்மாப்பேட்டை பக்கம் தறி ஓடுற வீடா இருந்தா ராத்திரி தறி நின்னப்பறம்தான் இது காதுலயே விழும்.

டேப்ப மூடுன உடனே ஒரே அடி டம்முனு விழுந்தா, ஓடிட்டிருந்த தண்ணி சடார்னு நிக்கிறதுதான் காரணம். இப்ப எல்லா வீட்லயும் கால் சுத்து திருகுனா மூடிக்கிற டேப்புதானே, அதான் இந்த தொல்லை ஜாஸ்தி. இரும்பு பைப்ல செகண்டுக்கு 1 மீட்டர் வேகத்துல போற தண்ணிய ஒரேயடியா நிறுத்துனா சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோவுக்கு மேல பிரஷர் ஏறும், ஆனா டேங்க் 10 மீட்டர் உசரத்துல இருந்தா சும்மா நிக்கிற தண்ணிக்கு பிரஷர் 1 கிலோதான், வித்தியாசத்த பாத்துக்கோங்க. பிவிசில இவ்ளோ ஏறாது, இருந்தாலும் நாள்பட்டா ஜாயிண்ட்ல கசியும். மெதுவா மூடுங்க, டேங்க்குக்கு கீழ இருக்க கேட் வால்வ கொஞ்சம் கொறைச்சு வைங்க, செலவே இல்ல. வாஷிங் மெஷின் அதுவா டக்குனு மூடிக்கும், அதுக்கிட்ட மெதுவான்னு சொல்ல முடியாது, அதுக்கு வர்ற டேப்ப பாதி மட்டும் தொறந்து வைங்க.

அடுத்தது பைப்ப செவுத்தோட புடிச்சிருக்க கிளாம்ப். வீட்ல ஒருத்தர டேப்ப தொறந்து தொறந்து மூட சொல்லிட்டு நீங்க வெளிய பைப்ப கையால புடிச்சுக்கிட்டே வாங்க, எந்த எடத்துல கைய தூக்கி அடிக்குதோ அங்கதான் கிளாம்ப் கழண்டிருக்கும். பழைய சைக்கிள் டியூப்ப ஒரு துண்டு வெட்டி பைப்ப சுத்திட்டு அது மேல கிளாம்ப் போட்டு முடுக்குங்க. நெறைய வீட்ல இதோடயே சத்தம் போயிரும். சுடுதண்ணி லைன மட்டும் இறுக்கி முடுக்காதீங்க, சூட்டுக்கு அது நீளும், எடம் இல்லன்னா மடக் மடக்னு வேற ஒரு சத்தம் ஆரம்பிக்கும்.

மோட்டர் ஆஃப் பண்ண உடனே கீழ டமால்னு கேட்டா என்ஆர்விதான், அதாவது தண்ணிய ஒரு பக்கமா மட்டும் விடுற வால்வு. மேல ஏறுன தண்ணி திரும்பி இறங்கி அந்த தட்ட அறையுது. ஸ்பிரிங் வச்ச என்ஆர்வி போடுங்க, தண்ணி திரும்புறதுக்குள்ள அது மூடிக்கும். வால்வு மேல அம்புக்குறி இருக்கும், அது தண்ணி போற பக்கமா இருக்கணும், மாத்தி போட்டா டேங்க்குக்கு சொட்டு தண்ணி ஏறாது.

மேட்டூர் தண்ணி நமக்கு விட்டு விட்டுதானே வருது, நடுவுல லைன் பூரா காத்து. அதனால விட்ட உடனே புஸ்ஸு புஸ்ஸுனு தட்டும், அது தானா அடங்கிரும். அடங்காம தொட்டி ரொம்புற நேரத்துல தடதடன்னா, தொட்டி ரொம்புனா மூடிக்கிற பந்து வச்ச பால் வால்வ பாருங்க, அலையில பந்து மேலயும் கீழயும் ஆட ஆட வால்வு தொறந்து தொறந்து மூடுது. தேஞ்ச வாஷர மாத்துங்க.

ஏற்காட்டுல கதை வேற. டேங்க் வீட்டுக்கு மேல சரிவுல எங்கயோ இருக்கும், 30 மீட்டர் உசர வித்தியாசம்னா 3 கிலோ பிரஷர், கிளாம்ப் மட்டும் போட்டு பிரயோஜனமில்ல. பிரஷர் கொறைக்கிற வால்வு ஒண்ணு போடணும், இல்ல வீட்டு மாடில தனியா சின்ன டேங்க் வச்சு அதுலருந்து லைன் எடுக்கணும். என்னைக் கேட்டா சின்ன டேங்க்தான், ரிப்பேர் அவ்வளவா வராது.

கீசர் உள்ள கொதிக்கிற மாதிரி பட் பட்டுனு வெடிச்சா பைப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, போர் தண்ணி உப்பு படிஞ்சிருக்கு, சர்வீஸ் ஆள கூப்புடுங்க. அதுல இருக்க சேஃப்டி வால்வு சொட்டுதேன்னு அடைச்சு மட்டும் வச்சிராதீங்க, டேங்கே வெடிச்சிரும்.